ஏணிப் பக்கம் ஏறுன முள்ளு

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா காரு மீட்டர்ல முள்ளு எங்க நிக்குது, அது நெசம் பேசுதா பொய் பேசுதான்னு கேட்டீங்கன்னா சொல்லிப்புடுவேன். அத நான் பள்ளிக்கூடத்துல படிக்கல. வயித்துல புள்ளையோட ஒரு பழைய ரேஸ் காருக்குள்ள ஒக்காந்து, நடுங்கி நடுங்கிப் படிச்சேன். இப்ப நெனச்சா சிரிப்பு சிரிப்பா வருது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதிக்கிட்டே என்னையப் பாக்குறா, என்ன அம்மாச்சி தனியா சிரிக்கிறீங்கன்னு. சிரிக்காம என்ன செய்யிறது, அன்னைக்குப் பயந்த பயத்துக்கெல்லாம் இன்னைக்குத்தான சிரிக்க முடியும்.

எங்க தேயிலத் தோட்டம் எல்கடுவைக்குக் கீழ ஒரு பள்ளத்துல. நாங்க வரிசையாக் குடியிருந்த லயத்துலேருந்து பெரிய ரோட்டுக்குப் போக ஒரே ஏத்தம், வளைஞ்சு வளைஞ்சு. மேல போயிட்டா அங்கேருந்து உக்குவள வரைக்கும் ஒரே எறக்கம். அப்புறம் சமதரை, மாத்தள டவுன். எங்க வீட்டுக்காரரு தோட்டத்து லொறி டிரைவர். தேயிலப் பெட்டிய ஏத்திக்கிட்டுப் போவாரு, வரும்போது அரிசி, மாவு, கருவாடு. கருவாட்டு வாசம் அவரு சட்டையில எந்நாளும் இருக்கும். கல்யாணம் முடிச்ச புதுசுல எனக்கு அது ஒத்துக்கல, அப்புறம் அந்த வாசம் வந்தாத்தான் சோறு எறங்கும்னு ஆயிருச்சு. அது வேற கத.

காரு டிஸ்பென்சர் ஐயாவோடது. தோட்டத்து ஆசுபத்திரியில மருந்து குடுக்குறவரு. யாழ்ப்பாணத்து மனுசன், கல்யாணம் முடிக்காதவரு, ஒல்லின்னா அப்பிடி ஒல்லி, கொடைய மடிச்சு வச்ச மாதிரி. வெள்ளக்காரத் தொரை ஊருக்கே போறேன்னு பொட்டி கட்டுனப்ப, அந்த செவப்புக் கார இவரு வாங்கிட்டாரு. ரெண்டே பேருதான் ஒக்காரலாம். மேல தகரம் கெடையாது, துணிக் கூடாரம். தரையோட தரையா இருக்கும், நாயி வந்து நின்னா நாயி மூஞ்சிதான் நம்ம மூஞ்சிக்கு நேரா தெரியும். எங்க மாமியா அதுக்கு "ஓடுற பாட" ன்னு பேரு வச்சிருந்தாங்க. பாடையிலயாவது காலு நீட்டலாம்னு வேற சொல்லுவாங்க.

அந்தக் காரு எனக்கு எதுக்குன்னா, எனக்குத் தலப்புள்ள தங்கல. வலி வந்து லொறியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. ஏத்தத்துல சேத்துல பொதைஞ்சு போச்சு. அங்கனயே பொறந்து, அங்கனயே போயிருச்சு. ஆம்பளப் புள்ள. அதுக்கு மேல அதப் பத்தி நான் பேசுறதில்ல. ரெண்டாவது வயித்துல தரிச்சப்ப, டிஸ்பென்சர் ஐயா வீட்டு வாசல்ல வந்து நின்னு சொன்னாரு. "டிரைவர், இந்தமுற லொறி வேண்டாம். என்ர கார் இருக்கு. வலி எண்ட உடன கொண்டு போறம்." அன்னையிலேருந்து எனக்கு அந்தக் காருதான் சாமி. காரு நல்லா இருந்தா புள்ள நல்லா இருக்கும்னு மனசுல விழுந்துருச்சு. வேற நெனப்பே கெடையாது.

இப்பிடி இருக்கையில ஆயுத பூச வந்துச்சு.

தோட்டத்துல ஆயுத பூசைன்னா சும்மா இல்ல. ஸ்டோர்ல, அதான் தேயில அரைக்கிற எடத்துல, இருக்க மிசினு எல்லாத்தையும் கழுவித் தொடச்சி, புதுசா பச்ச பெயின்டு அடிச்சி, சந்தனம் குங்குமம் வச்சி, பூசணிக்கா ஒடப்பாங்க. பெயின்டு அடிக்காத இரும்புக்கு சாமி கண்ணு தொறக்காதுன்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு. எங்க வீட்டுக்காரரு லொறிக்கு அடிச்சாரு. மிச்சம் பெயின்டு இருந்துச்சு. ஐயா லீவுல ஊருக்குப் போயிருந்தாரு. கார வெளிய செவப்பா விட்டுட்டு, முன்மூடியத் தொறந்து உள்பக்கத் தகரம், மீட்டருக்குப் பின்னுக்கு இருக்க தகரம், எல்லாத்தையும் பச்சையாக்கிட்டாரு. ஒழுங்கா அடிக்கணுமேன்னு அங்கங்க திருகியிருந்த சின்னச் சின்ன சாமானக் கழட்டி, பெயின்டு அடிச்சி, காஞ்சதும் திரும்ப மாட்டுனாரு. என் பிரசவத்துக்கு ஓடப் போற காருன்னு அவ்வளவு பக்தி. நான்தான் சந்தனம் கொழச்சுக் குடுத்தேன்.

ஐயா திரும்பி வந்து மாத்தளைக்குப் போனாரு. போனவரு பொழுது சாயத்தான் வந்தாரு, மூஞ்சி செத்துப்போயி.

"டிரைவர், கார் கொதிக்குது. உக்குவளையில ஒரு மணித்தியாலம் ரோட்டுக் கரையில நிண்டனான்."

"ஆவி வந்துச்சாங்க ஐயா?"

"ஆவி வரேல்ல. மூடியத் துறந்து பாத்தன், தண்ணி கிணத்துத் தண்ணி மாதிரி. ஆனா முள்ளு கடைசியில நிக்குது. பெற்றோல் முள்ளும் அப்பிடித்தான், நிறைஞ்சிருக்கெண்டு சொல்லுது. நான் அடிச்சது கொஞ்சம்."

நான் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். கொதிக்குதுன்னு காதுல விழுந்தது, கிணத்துத் தண்ணின்னு சொன்னது விழல. கொதிச்சா வெடிக்கும்தானே. ஸ்டோர்ல ஒரு வாட்டி பாய்லரு ஒண்ணு டமார்னு சத்தம் போட்டு, கொழுந்து கொட்டுற பொம்பளைங்க எல்லாம் ஆத்துப்பக்கம் ஓடுனதப் பாத்தவ நான். நானே ஓடுனவ. செருப்பு ஒண்ணு இன்னும் ஆத்துலதான் கெடக்கும்.

அடுத்த ஞாயித்துக்கெழம வீட்டுக்காரரு கார லயத்து முன்னுக்கு உருட்டிக் கொண்டாந்து நிப்பாட்டுனாரு. "இந்தா புள்ள, வா. உள்ள ஒக்காரு. நான் வெளிய கம்பியப் புடுங்குவேன், நீ முள்ளப் பாத்து சொல்லணும்."

"நானா? எனக்கு அதுல இருக்க எழுத்தே தெரியாதே."

"எழுத்து எதுக்கு, கண்ணு இருக்குல்ல."

மாமியா வெளிய வந்துட்டாங்க. "ஏண்டா, மாசமா இருக்கவள அந்தப் பாடைக்குள்ள எறக்குறியே, உனக்கு மண்டையில ஏதாச்சும் இருக்கா? காரு கெளம்பி ஓடிருச்சுன்னா?"

"எஞ்சினு ஓடலம்மா. சாவி மட்டும் தான் போட்டிருக்கேன்."

"சாவி போட்டா ஓடத்தான செய்யும்!"

எறங்குறது சுகமா எறங்கிட்டேன், வயித்தோட பாரமே உள்ள இழுத்துருச்சு. எந்திரிக்கிறதுதான் முடியாதுன்னு அப்பயே தெரிஞ்சு போச்சு. முன்னுக்கு வட்டம் வட்டமா கண்ணாடி. அவரு குனிஞ்சு காட்டுனாரு, இது சூடு, இது பெட்ரோல்னு. சூட்டு மீட்டர்ல ஒரு பக்கம் அருவா மாதிரி ஒரு எழுத்து, மறுபக்கம் ஏணி மாதிரி ஒண்ணு. அருவாப் பக்கம் குளிரு, ஏணிப் பக்கம் கொதி. பெட்ரோல் மீட்டர்ல ஒரு பக்கம் சீப்பு, மறுபக்கம் பல்லு ஒடஞ்ச சீப்பு. முழுச் சீப்புன்னா காலி. ஒடஞ்ச சீப்புன்னா நெறஞ்சிருக்கு. நீங்களே சொல்லுங்க, இது எந்த ஊரு ஞாயம்? எனக்கு அது இன்னும் ஒத்துக்கல.

அன்னைக்கு முள்ளு ரெண்டும் ஏணியிலயும் ஒடஞ்ச சீப்புலயும் ஒட்டிக்கிட்டு நிக்குது. எஞ்சினு ஓடவேயில்ல, பனி விழுந்த காரு, தொட்டா ஐஸா இருக்கு. அது கொதிக்குதாம்.

டிஸ்பென்சர் ஐயாவும் வந்து, கைய பின்னுக்குக் கட்டிக்கிட்டு நின்னாரு. வீட்டுக்காரரு முன்மூடிக்குள்ள தலைய விட்டு, எஞ்சின்ல தண்ணிச் சூட்டப் பாக்குற கம்பியப் புடுங்குனாரு.

"புடுங்கிட்டேன். என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலையே."

"பொறு. அது மெதுவாத்தான் எறங்கும். கண்ண எடுக்காத."

கண்ண எடுக்கல. மூச்சே விடல. முள்ளு சாரப்பாம்பு வெயில்ல நகந்த மாதிரி மெல்ல மெல்ல அருவாப் பக்கம் வந்துச்சு. "வருது! வருதுங்க! அருவாகிட்ட வந்துருச்சு!"

"சரி, இப்ப கம்பிய தகரத்துல வைக்கிறேன். ஏறும். ஏறுன ஒடனே கத்து, ரொம்ப நேரம் வச்சா மீட்டரு கருகிப் போயிரும்."

கருகிப் போயிரும்னு சொல்லிட்டு என்னைய உள்ள ஒக்கார வச்சிருக்காரு பாருங்க. முள்ளு லேசா அசைஞ்சுச்சோ இல்லையோ, நான் போட்ட சத்தத்துல லயத்துல இருந்த பொம்பளைங்க எல்லாம் வெளிய ஓடி வந்துட்டாங்க. மாமியா தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டு வந்துட்டாங்க, ஊத்துறதுக்கு. ஐயாதான் கொடத்தப் புடிச்சாரு.

"என்னடி, புள்ளையா?"

"இல்லங்கத்தை, முள்ளு ஏறிருச்சு!"

"அடச்சீ!"

அப்புறம் பின்னுக்குப் போயி பெட்ரோல் இருக்க தாங்கியோட கம்பியையும் அதே மாதிரி செஞ்சாரு. புடுங்குனா சீப்புக்குப் போச்சு. தகரத்துல வச்சா ஒடஞ்ச சீப்பையும் தாண்டிப் போயி முட்டுச்சு. நான் ஒவ்வொண்ணுக்கும் கத்துனேன். சுத்தி நின்ன பொம்பளைங்களுக்கு ஒரே கூத்து. "அக்கா, இன்னும் ஒரு வாட்டி கத்துங்க, எங்க வீட்டு ஆளு இன்னும் முழிக்கல"ன்னு ஒருத்தி.

வீட்டுக்காரரு கையத் தொடச்சிக்கிட்டு நின்னாரு. "முள்ளும் நல்லாருக்கு, கம்பியும் நல்லாருக்கு, தாங்கியில இருக்க மெதப்பும் நல்லாருக்கு. அப்ப எதுதான் பொய் சொல்லுது? லொறியில இப்பிடி ஒண்ணும் வந்ததில்லையே. மீட்டரு ரெண்டையும் மாத்திறலாமா?"

"ரெண்டும் ஒரே நாளில பழுதாப் போகுமோ?"ன்னு ஐயா கேட்டாரு.

நான் உள்ளேருந்தே சொன்னேன். "ஐயா, ரெண்டும் சோடியாத்தான் ஏறி நிக்குதுங்க. சாவியத் திருப்புனா சேந்து ஏறுது, எடுத்தா சேந்து எறங்குது. ஓரகத்தியும் ஓரகத்தியும் சந்தைக்குப் போற மாதிரி."

அவரு கைய அவுத்துட்டு காருகிட்ட குனிஞ்சாரு. "இஞ்ச பார் டிரைவர். ஒரு ஆளுக்குத் தலையிடி, காலும் வீக்கம், ரெண்டும் ஒண்டா வந்திருக்கெண்டா நான் தலையத் தனியாவும் காலத் தனியாவும் பாக்கிறேல்ல. ரெண்டுக்கும் போற ரத்தத்தத்தான் பாப்பன். உந்த ரெண்டு மீட்டருக்கும் கரண்ட் எங்கயால போகுது?"

சொல்லிக்கிட்டே இருந்தவரு நின்னுட்டாரு. அவரு கண்ணு என் காலு மேல இருந்துச்சு. காரு கதவு தொறந்திருக்கு, நான் ஒரு கால வெளிய வச்சிருக்கேன். செருப்பு வாரு சதைக்குள்ள பொதைஞ்சிருந்துச்சு. மாசமா இருந்தா வீங்குறதுதானேன்னு நான் கண்டுக்கல.

"பிள்ளை, உனக்குத் தலையிடி இருக்கோ?"

"கொஞ்சம் இருக்குங்க ஐயா. வெயிலு."

வெயிலே இல்ல அன்னைக்கு. மூட்டம் போட்டுக்கிட்டு மேகம். அவரு கீழ குந்துனாரு. வெரல வச்சு என் கணுக்காலு மேல ஒரு அழுத்து அழுத்துனாரு. எடுத்தா குழி அப்பிடியே நிக்குது, மாவுல வெரல் வச்ச மாதிரி. போயி பிரசர் பாக்குற பொட்டிய எடுத்தாந்து, காருக்குள்ள வச்சே கையில கட்டி அமுக்குனாரு. அதுலயும் ஒரு முள்ளு! நான் அதையே பாத்தேன். அதுல அருவாவும் இல்ல, ஏணியும் இல்ல. "ஐயா, இது எங்கிட்டு நிக்கணும்?"னு கேட்டேன். அவரு பதிலே சொல்லல.

அந்தப் பேசாத வாயி இருக்கே, அதுதான் எனக்குப் பெரிய பயம். கத்துறவங்களுக்கு நான் பயப்பட மாட்டேன், எங்க மாமியா கூட இருந்து பழகினவ. அப்புறம் வீட்டுக்காரர தள்ளிக் கூட்டிட்டுப் போயி பேசுனாரு. எனக்குக் கேட்டுச்சு. பிரசர் கூடிப் போச்சு. நான் சீட்டு எழுதித் தாறன், நாளைக்கே மாத்தளை ஆசுபத்திரியில கொண்டு போய்க் காட்டு. உப்புக் கூடாது. தலையிடி கூடினாலோ, கண்ணுக்கு முன்னால மினுங்கினாலோ, வலி வரும் மட்டும் பாத்துக்கொண்டு நிக்கக் கூடாது. தாய்க்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது. ஒடன கொண்டு போகோணும்.

எங்க வீட்டுக்காரரு திரும்பி வந்தவரு என் மூஞ்சியப் பாக்கல. நேரா மறுபக்கமா ஏறி, மீட்டருக்கு அடியில தலைய விட்டுப் படுத்துட்டாரு. மீட்டருக்குப் பின்னுக்குக் கைய விட்டு கம்பிய ஒண்ணு ஒண்ணாத் தடவுனாரு. கொஞ்சங் கழிச்சி உள்ளேருந்து சத்தம். "ஐயா, தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பா இருக்குங்க. ரெண்டு மீட்டருக்கும் இதுலேருந்துதான் போகுது."

"அது என்ன செய்யிறது?"

"பெட்டரியிலேருந்து வர்ற கரண்ட அடக்கி, கொறைச்சு, அளவாக் குடுக்குறதுன்னு நெனக்கிறேன். அடக்கலன்னா ரெண்டு முள்ளும் தாறுமாறா ஏறும்தானே. இது அடக்கணும்னா இதோட ஒடம்பு தகரத்த ஒட்டி எர்த்து கெடைக்கணும். இது நல்லா இறுக்கமாத்தான் திருகி..." சொல்லிக்கிட்டே நிறுத்திட்டாரு. அப்புறம், "அட என் சாமி"ன்னாரு.

பச்ச பெயின்டு! டப்பாவக் கழட்டி, தகரத்துக்கும் பெயின்டு, டப்பா காலுக்கும் பெயின்டு, திருகு ஓட்டைக்கும் பெயின்டுன்னு பக்தியா அடிச்சி மாட்டியிருக்காரு. நல்லா ரெண்டு கோட்டு. இரும்பு இரும்பத் தொடவேயில்ல. எர்த்து எங்கேருந்து வரும்?

"ஆயுதத்துக்குப் பூச போட்டியோ, சமாதி கட்டினியோ?"ன்னு கேட்டு ஐயா சிரிச்சாரு பாருங்க, அந்த மனுசன் சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன். வீட்டுக்காரரு அங்க நின்ன ஒருத்திகிட்ட தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியக் கேட்டு வாங்கி, முனையால பெயின்ட சொரண்டி, வெள்ளி மாதிரி தகரம் தெரிஞ்சதும் டப்பாவ மாட்டுனாரு. மாமியா மட்டும் மொணமொணன்னு இருந்தாங்க. சாமிக்கு அடிச்சத சொரண்டுறானே, எங்க போயி முடியுமோன்னு.

"இப்ப பாரு புள்ள."

பாத்தேன். சூட்டு முள்ளு எறங்கி அருவாகிட்ட வந்து படுத்துக்கிச்சு. பெட்ரோல் முள்ளு எறங்குச்சு, எறங்குச்சு, எறங்கிக்கிட்டே போயி முழுச் சீப்புல நின்னுச்சு.

தாங்கியில ஒண்ணுமே இல்ல! நெறஞ்சிருக்கு நெறஞ்சிருக்குன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தோம். எனக்கு வலி வந்து அத நம்பி ஏறிப் போயிருந்தா, அதே ஏத்தத்துலதான் நின்னிருக்கும். லொறி நின்ன எடத்துல. மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அப்புறம் என்னையத் தூக்கி வெளிய எடுக்க அஞ்சாறு பொம்பளைங்க வேண்டியிருந்துச்சு, சிரிச்சுக்கிட்டே இழுத்தாளுங்க. நான் சிரிக்கல. மறுநாள் வீட்டுக்காரரு லொறியிலயே ஆட்டாம அசைக்காம மாத்தளைக்குக் கொண்டு போயி காட்டுனாரு. பெரிய டாக்டரு மாத்திர குடுத்து, இன்னும் நாளிருக்கு, கூடினா ஒடனே வான்னு அனுப்பிட்டாரு. வரும்போது ரெண்டு டின்னு பெட்ரோல் வாங்கி கார்ல ஊத்துனாரு. ஊத்துனதும் நான் போயி முள்ளப் பாத்தேன். அதுக்கப்புறம் தெனமும் போயிப் பாப்பேன். ஐயா சாவி குடுப்பாரு. கோயிலுக்குப் போற மாதிரி போவேன்.

வீட்டுக்காரரு எனக்கு ஒரு பாடம் சொல்லி வச்சிருந்தாரு. ரெண்டு முள்ளும் சேந்து ஏறுனா டப்பா பொய் சொல்லுது, பயப்படாத. ஒரு முள்ளு மட்டும் தனியா ஏறுனா அது நெசம், பயப்படு.

கார்த்திக மழையில ஒரு காலையில எந்திரிச்சா, கண்ணுக்கு முன்னுக்கு மின்மினி பறக்குது. தல இடிச்சு ரெண்டாப் பொளக்குது. கூடவே இடுப்பு வலி. மாமியா ஆள் விட்டாங்க, ஐயா பைய தூக்கிட்டு ஓடி வந்தாரு, வீட்டுக்காரரு கார எடுத்தாரு. ரெண்டு சீட்டு காரு. நான் ஒண்ணுல, அவரு ஒண்ணுல. ஐயா? சீட்டுக்குப் பின்னுக்கு ஒரு சின்ன சந்து, அதுக்குள்ள முட்டிய மூஞ்சிக்கிட்ட வச்சி மடங்கிப் போயி ஒக்காந்துக்கிட்டாரு, பைய தலையில வச்சிக்கிட்டு. மாமியா ஏற எடமில்ல. "நான் நடந்தே வாரேன், போங்கடா"ன்னு மழையில நின்னு அழுதாங்க. அவங்க அழுது நான் பாத்தது அதுதான்.

ஏத்தம் தொடங்குச்சு. துணிக் கூடாரத்துல ஒழுகுது. எனக்கு வலிய மறக்க ஒண்ணு வேணும், முள்ளப் பாத்தேன். ரெண்டும் நல்ல எடத்துல. ஒரு வளைவு போச்சு. ரெண்டாவது போச்சு. லொறி நின்ன எடம் வந்துச்சு, கண்ண மூடிக்கிட்டேன். தொறந்தப்ப மீட்டருக்குள்ள ஒரு செவப்பு வெளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. சூட்டு முள்ளு நடுவத் தாண்டிப் போகுது.

"என்னங்க, முள்ளு ஏறுது."

"அது அந்த டப்பாவாத்தான் இருக்கும் புள்ள. மழையில நனைஞ்சிருக்கும்."

"பெட்ரோல் முள்ளு ஏறலையேங்க. அது நின்ன எடத்துல நிக்குது. இது மட்டும் ஏறுது."

அவரு குனிஞ்சு பாத்தாரு. பின்னுக்கு இருந்து ஐயா கத்துனாரு, "நிப்பாட்டு டிரைவர்! சிவப்பு லைற்றும் எரியுது, ரெண்டு சாட்சி!"

"நிப்பாட்டுனா இவள எப்பிடி..."

"நிப்பாட்டாட்டி எஞ்சின் இறுகிப் போகும், பிறகு உருட்டவும் ஏலாது!"

நிப்பாட்டுனாரு. எறங்கி மூடியத் தொறந்தா, ஃபேன் பெல்ட்டு அறுந்து தொங்குது. தண்ணிய சுத்த வைக்கிறதும் அதுதான், கரண்டு குடுக்குறதும் அதுதான். வேற பெல்ட்டு இல்ல. உச்சிக்கு இன்னும் ரெண்டு வளைவு இருக்கு. வீட்டுக்காரரு மழையில மூடியப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. அவரு தோளு ஆடுனத கண்ணாடிக்குள்ளேருந்து பாத்தேன். அவரும் அதேதான் நெனச்சிருப்பாரு, போன வாட்டிய. எனக்கு வலி வந்துச்சு பாருங்க, கதவப் புடிச்சு ஒரு அலறு அலறுனேன்.

அதுதான் நல்லதாப் போச்சு. ரோட்டுக்கு மேல மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தாளுங்க. அந்த ஞாயித்துக்கெழம கூத்துப் பாத்த அதே பொம்பளைங்கதான். ஒருத்தி எட்டிப் பாத்தா.

"என்னக்கா, இன்னைக்கும் முள்ளுதான் ஏறிருச்சா?"

"இல்லடி, புள்ள! புள்ள!"

கூடையோட சறுக்கிக்கிட்டு எறங்குனாளுங்க. பின்னுக்கு கங்காணி கத்துறாரு, "ஏய், கொழுந்தப் போட்டுட்டு எங்கடி ஓடுறீங்க, இன்னைக்குச் சம்பளத்துல பேரு வெட்டிருவேன்!"

"வெட்டுங்க கங்காணி, வெட்டிட்டு வந்து நீங்களும் ஒரு கை குடுங்க!"

கங்காணியும் வந்தாரு. வீட்டுக்காரரு ஏறி ஸ்டீரிங்கப் புடிக்க, அத்தன பேரும் பின்னுக்கு நின்னு தள்ளுனாங்க. ஐயா எறங்குறேன்னாரு, சந்துலேருந்து வர முடியல. "ஐயா எடையே இல்லாத ஆளு, இருக்கட்டும்"னு தள்ளிக்கிட்டே போனாளுங்க. சேறு அவளுங்க மூஞ்சியெல்லாம் அடிக்குது. கால் வழுக்கி விழறவ எந்திரிச்சு ஓடியாந்து தள்ளுறா. ஒவ்வொரு வளைவுலயும் காரு ஒரு நிமிசம் பின்னுக்குச் சரியும், என் உயிரும் கூட சரியும், "விடாத விடாத"ன்னு சத்தம் கேக்கும், திரும்பவும் ஏறும். உச்சிக்கு வந்ததும் கைதட்டுனாளுங்க. ஒருத்தி மழைக்குத் தலையில போட்டிருந்த படங்குத் துண்ட ஒழுகுற எடத்துல போட்டுவிட்டா.

அங்கேருந்து எஞ்சினப் போடாமலே எறக்கத்துல உருட்டுனாரு. லொறிக்காரங்க பெட்ரோல் மிச்சம் புடிக்க செய்யிற வேலதான், அவருக்குப் பழக்கம். எனக்குப் பழக்கமில்லையே. சத்தமே இல்லாம காரு பறக்குது. மழ, காத்து, பிரேக்கு கிரீச்சுங்குற சத்தம், பின்னுக்கு ஐயா "முருகா முருகா". சாவி போடாததால ரெண்டு முள்ளும் செத்துக் கெடக்கு. பயப்படுறதுக்குக் கூட பாக்க ஒண்ணு இல்ல. அவரு ஒரு கையால என் கையப் புடிச்சாரு. "ரெண்டு கையாலயும் புடிங்க!"ன்னு கத்துனேன். "எத?"ன்னாரு. "கார!"

உக்குவளயில சமதரை வந்துச்சு. திரும்ப எஞ்சினப் போட்டாரு. எறங்கி வந்ததுல ஆறியிருந்துச்சு. முள்ளு நடுவுல. நான் சொல்லிக்கிட்டே வந்தேன், வலி விட்ட நேரமெல்லாம். நடுவத் தாண்டிருச்சு. ஏணிக்குக் கிட்ட. ஏணியத் தொடல. தொடல. இன்னும் தொடல. ஆசுபத்திரி வாசல் வந்தப்ப மூடியிலேருந்து புகையா ஆவி வந்துச்சு. காவக்காரரு "எப்பா, எப்பா"ன்னு, வேணாம் வேணாம்னு சிங்களத்துல கத்திக்கிட்டு ஓடி வந்தாரு, எரியுதுன்னு நெனச்சு. என்னைய தூக்குறதுக்கு ரெண்டு பேரு, ஐயாவ சந்துலேருந்து இழுக்க ரெண்டு பேரு.

உள்ள என்ன நடந்துச்சுன்னு முழுசாத் தெரியாது. ஊசி போட்டாங்க. ஐயா பெரிய டாக்டருகிட்ட இங்கிலீசுல வேகமாப் பேசுனது கேட்டுச்சு. வெளிச்சம் சுத்துச்சு. ஒரு நேரம் எல்லாச் சத்தமும் நின்னு போச்சு. புள்ள அழுகுற சத்தத்துக்காகக் காத்துக்கிட்டு கெடந்தேன். காணோம். அந்தக் காத்திருப்பு இருக்கே, அந்த எறக்கமெல்லாம் அதுக்கு முன்னுக்கு ஒண்ணுமே இல்ல.

அப்புறம் ஒரு தும்மலு. தும்மலுதாங்க மொதல்ல. அதுக்குப் பின்னுக்கு ஒரு கத்து. சிங்கள நர்சம்மா சிரிச்சுக்கிட்டே, "துவெக், அம்மே, துவெக்"ன்னாங்க. பொட்டப் புள்ள. கழுவுறதுக்குத் தூக்கிட்டுப் போகப் பாத்தாங்க, நான் விடல. எழுந்திரிக்கத் தெம்பில்ல, அவங்க சட்டையப் புடிச்சிக்கிட்டேன். கழுவாட்டி போகுது, குடுங்கன்னு. அவங்க தலையில அடிச்சிக்கிட்டு, துணியில சுத்தி என் பக்கத்துல படுக்க வச்சாங்க.

ரெண்டு நாளைக்கு என்னைய எந்திரிக்க விடல. ஐயா வந்து கையில பட்டியக் கட்டிப் பாத்துட்டு, இந்த வாட்டி வாயத் தொறந்து "நல்லாக் குறைஞ்சிட்டுது பிள்ளை"ன்னாரு. மூணாம் நாள்தான் எனக்குப் பசியே வந்துச்சு. பேக்கரிப் பாணும் பருப்பும் குடுத்தாங்க, உப்பே இல்லாத பருப்பு. புள்ளைய ஒரு கையில இறுக்கிப் புடிச்சிக்கிட்டு, மறு கையாலயே அவ்வளவையும் தின்னேன். வீட்டுக்காரரு தன் பங்குக்கு வாங்கியாந்த பாணையும் தின்னேன். கீழ வச்சிட்டுத் தின்னு புள்ளன்னு அவரு சொன்னாரு. நான் வைக்கல.